செங்கோட்டைக்கு அருகிலேயே கிடைத்த ஆய்வு வழிகாட்டி

இளநிலைத் தாவரவியல் படித்தபோது ஆய்வில் எனக்கு ஆர்வம் இருந்தும், எங்கள் கல்லூரியில் அதற்குரிய ஆய்வகம் இல்லை. தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டைப் பகுதி மாணவர்கள் பலர் சென்னையையும் பெங்களூருவையும் மட்டுமே எண்ணுகிறார்கள். ஆரியங்காவு கடந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையிலேயே, பாலோட்டில், 1979இல் நிறுவப்பட்ட வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதை அவர்கள் அறியாதது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அங்குள்ள ஆய்வாளர் ஒருவரின் கட்டுரையை எங்கள் துறை ஆசிரியருடன் அமர்ந்து, குறிப்பாக அதன் ஆய்வுமுறைப் பகுதியை, நிதானமாக வாசித்தேன். எங்கள் மலையடிவாரத்துப் பெரணிகளைப் பற்றி அதிலிருந்து எழுந்த ஒரே கேள்வியையும், நான் படித்த பாடங்களையும், விடுமுறைக் காலத்தையும் குறிப்பிட்டு அந்த ஆய்வாளருக்குச் சுருக்கமாக மின்னஞ்சல் எழுதினேன். பதில் வராததால் சில வாரங்களுக்குப் பின் பணிவுடன் நினைவூட்டினேன். நேரில் வருமாறு அழைத்தார்கள். உலர்த்திய தாவரங்களைத் தாளில் ஒட்டி விவரச்சீட்டு எழுதும் வேலையிலிருந்துதான் தொடங்கினேன். இனங்களைப் பிரித்தறியும் கண் அந்த வேலையில்தான் பழகுகிறது.

அடுத்ததாக, இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து நடத்தும் இரண்டு மாதக் கோடைகால ஆய்வுத் திட்டத்திற்கு விண்ணப்பித்தேன். அதற்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் தேவை. விண்ணப்பக் காலம் பெரும்பாலும் ஆண்டிறுதிக்குள் முடிந்துவிடுவதால், தீபாவளிக்கு முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள்.