நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் வரலாற்றை எடுத்துரைப்பது எப்படி

நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் என்னும் கத்தோலிக்க ஆண்கள் சகோதர அமைப்பைப் பற்றிப் பங்கு மக்களிடம் பேச விரும்புவோர், இன்று இருபது லட்சத்தைத் தாண்டிவிட்ட உறுப்பினர் எண்ணிக்கையை முதலில் சொல்லாமல், ஒரு வீட்டுத் துயரிலிருந்து தொடங்குவதே நல்லது. 1873-இல் பித்தளை ஆலைத் தொழிலாளியான தந்தை இறந்ததால், பின்னாளில் இந்த அமைப்பை நிறுவிய மைக்கேல் மெக்கிவ்னி குருமடப் படிப்பை இடையில் நிறுத்தி வீடு திரும்ப நேர்ந்தது. குடும்பத் தலைவன் மறைந்தால் அடுப்பெரிவதே கேள்வியாகிவிடும் என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார்.

அடுத்து, கேட்போரை அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத் தூய மரியா ஆலயத்தின் நிலவறைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கேதான், குருவாகிவிட்ட மெக்கிவ்னி பங்கின் ஆண்களைக் கூட்டிப் பேசினார். 1882 மார்ச் 29 அன்று அமைப்பு சட்டப்படி பதிவானது. உறுப்பினர் இறந்தால் கைம்பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் பணம் கிடைக்கச் செய்த காப்பீட்டு ஏற்பாட்டை இங்கே நிதானமாக விளக்குங்கள், ஏனெனில் அமைப்பின் உயிர்நாடி அதுவே. கத்தோலிக்கரை அந்நியராகப் பார்த்த நாட்டில், கத்தோலிக்கரான கொலம்பஸின் பெயரைச் சூடியதில் இருந்த உரிமைக்குரலையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

அமைப்பின் விழாக்களில் இடம்பெறும் வாள், தொப்பி, சடங்குகளை ஓரிரு வரிகளில் கடந்துவிடலாம். 1897-இல் கனடாவுக்கும் 1905-இல் மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் நாடுகளுக்கும் அமைப்பு பரவியதைச் சொல்லும்போது, 1890-இல் 38 வயதிலேயே இறந்த மெக்கிவ்னி அவற்றில் எதையும் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டத்தைத் திருச்சபை அவருக்கு அளித்தது 2020-இல்.