மாதிரி எடுப்பதும் பெட்டி கட்டுவதும்: கால்நடை நோய் ஆய்வகத்துக்கு அனுப்புவோர் கவனத்துக்கு

அழுகிய மண்ணீரலை ஆய்வகத்தின் வளர்ப்புத் தட்டில் பூசி வளர்த்தால் வளர்வது அழுகல் கிருமிகள்தான். மாட்டைக் கொன்ற கிருமி அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும். "மாதிரி ஆய்வுக்கு உகந்த நிலையில் இல்லை" என்று ஓர் அறிக்கை வந்தால், அந்த முடிவு பெரும்பாலும் ஆய்வகத்தில் எழுதப்பட்டதில்லை. மாதிரி எடுத்த இடத்திலோ, பெட்டி கட்டிய மேசையிலோ, பஸ்ஸில் வெயில் பட்ட இருக்கையிலோ ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. மருந்தகத்தில் புதிதாகச் சேர்ந்த மருத்துவர், கால்நடை ஆய்வாளர், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் பண்ணையாள் ஆகிய மூவரும் இதைப் படித்துவிட்டுக் கிளம்பினால் நல்லது.

கத்தியை எடுக்கும் முன் போனை எடுங்கள். தமிழ்நாட்டில் மாவட்டங்களில் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுகள் இருக்கின்றன. சென்னை, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் ஆய்வகங்கள் உண்டு. எதைச் சந்தேகிக்கிறீர்கள் என்று சொல்லி, எந்த மாதிரி வேண்டும், எதில் வேண்டும், எந்தக் கிழமை வந்தால் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கும் என்று கேட்டுவிடுங்கள். அருகில் மருத்துவர் இல்லாத ஊரென்றால் 1962 என்ற எண்ணைக் கூப்பிடலாம்.

அறுக்கக் கூடாத மாடு

நேற்று மாலை மேய்ந்த மாடு காலையில் செத்துக் கிடக்கிறது. மூக்கிலும் ஆசனவாயிலும் கருஞ்சிவப்பு ரத்தம், உறையவில்லை. வயிறு வேகமாக உப்புகிறது, உடம்பு சரியாக விறைக்கவில்லை. இது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். இந்த உடலைத் திறக்கவே கூடாது. மூடிய உடலுக்குள் கிருமி மற்ற அழுகல் கிருமிகளோடு போட்டியிட முடியாமல் செத்துப்போகும். அறுத்தால் காற்றுப் பட்டு வித்தாக (ஸ்போர்) மாறி, அந்த மண்ணில் பல பத்தாண்டுகள் காத்திருக்கும். கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு, காது ரத்தக்குழாயைச் சிறிதாகக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் இரண்டு கண்ணாடிச் சில்லுகளில் (ஸ்லைடு) பூச்சு எடுங்கள். இன்னொரு சொட்டைக் கிருமிநீக்கிய பஞ்சுக்குச்சியில் தொட்டு மூடிய குழாயில் போடுங்கள். குத்திய இடத்தைக் கிருமிநாசினியில் நனைத்த பஞ்சால் அடைத்துவிடுங்கள். பூச்சைத் தீயில் காட்டினாலும் வித்துகள் சாகாது. அதனால் சில்லைத் தொடுபவர் எல்லோரும் அதை உயிருள்ள கிருமியாகவே நினைக்க வேண்டும். உறையின் மேல் "அடைப்பான் சந்தேகம்" என்று பெரிதாக எழுதுங்கள்.

பண்ணையில் கோழிகள் கொத்தாகச் செத்து, கொண்டையும் தாடியும் நீலம் பாய்ந்திருந்தால் அங்கேயும் நிறுத்துங்கள். பறவைக் காய்ச்சல் சந்தேகத்தில் ஒரு கோழியைக்கூடப் பண்ணையைவிட்டு நீங்களாக வெளியே கொண்டுபோகக் கூடாது. கால்நடைத் துறைக்குத் தகவல் சொன்னால் அவர்களே மாதிரி எடுத்து, போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். வெள்ளைக் கழிச்சல் கண்டாலும் இதே போலத்தான் தெரியும். கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல முயல வேண்டாம்.

ஃபார்மலினா, ஐஸா

மாதிரி போகும் வழி இரண்டு. நுண்ணோக்கியில் திசுவைப் பார்க்க ஃபார்மலின் வேண்டும். கிருமியை வளர்க்கவும் வைரஸைக் கண்டுபிடிக்கவும் ஃபார்மலின் படாத, குளிர்ந்த திசு வேண்டும். ஃபார்மலினில் போட்ட துண்டிலிருந்து எந்தக் கிருமியும் வளராது. உறைந்த துண்டில் செல்கள் வெடித்துப்போயிருக்கும். எனவே ஈரல், நுரையீரல், மண்ணீரல், நிணநீர்க் கட்டி எதை எடுத்தாலும் இரண்டு பங்காக எடுங்கள்: ஒன்று ஃபார்மலினுக்கு, ஒன்று ஐஸுக்கு.

கடையில் வாங்கும் ஃபார்மலின் 37 முதல் 40 சதவீதம். அதில் ஒரு பங்கோடு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்தால் வேண்டிய 10 சதவீதக் கரைசல். லிட்டருக்கு 4 கிராம் மோனோசோடியம் பாஸ்பேட், 6.5 கிராம் டைசோடியம் பாஸ்பேட் கலந்தால் அமிலத்தன்மை நீங்கும். துண்டு ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் வேண்டாம். நோயுற்ற பகுதியும் நல்ல பகுதியும் சேரும் எல்லையில் கூரான பிளேடால் வெட்டுங்கள். துண்டின் அளவைப்போல் பத்து மடங்கு கரைசல் ஊற்றுங்கள். கைப்பிடி ஈரலை ஒரு குவளைக் கரைசலில் அமுக்கி அனுப்பினால், வெளியே வெந்த முட்டை போலவும் உள்ளே நாறும் கூழாகவும் வந்து சேரும்.

பாட்டில் வாய் அகலமாக இருக்க வேண்டும். திசு உள்ளே போகும்போது மெத்தென்று வளைந்து போய்விடும். இரண்டு நாளில் ரப்பர் போல் விறைத்து, குறுகிய கழுத்து வழியே வெளியே வராது. ஆய்வகத்தில் பாட்டிலை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதிகம் அனுப்ப வேண்டியிருந்தால், 24 முதல் 48 மணி நேரம் முழு அளவு கரைசலில் வைத்துப் பதப்படுத்திய பிறகு, ஃபார்மலினில் நனைத்த பஞ்சில் சுற்றி இரட்டைப் பையில் அனுப்பலாம். பெட்டி கனம் குறையும், கசிவும் குறையும். ஃபார்மலின் பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள், உறைந்துவிடும்.

வகைக்கு வகை

ரத்தப் பூச்சு: ஒரே ஒரு சொட்டு, சாய்வாகத் தள்ளிய இன்னொரு சில்லு, நாக்கு வடிவில் மெலிந்து முடியும் படலம். காற்றில் ஆட்டிக் காயவைத்து, மெத்தனாலில் 3 முதல் 5 நிமிடம் முக்கி எடுங்கள். காயும் வரை ஈ அண்டாமல் பார்க்க வேண்டும். கொட்டகைத் திண்ணையில் வைத்த சில்லை ஈக்கள் நக்கித் தின்றுவிடும். எஞ்சுவது புள்ளி புள்ளியாக வெற்றுக் கண்ணாடி. சில்லுகளை ஃபார்மலின் பாட்டில் இருக்கும் அதே பெட்டியில் வைக்கவே வேண்டாம். மூடி இறுக்கமாக இருந்தாலும் கசியும் ஆவி சாயம் ஏறும் விதத்தை மாற்றிவிடும். பிறகு ரத்த ஒட்டுண்ணிகளான தைலேரியாவும் தெரியாது, பேபேசியாவும் தெரியாது.

சீரம்: சிவப்பு மூடிக் குழாயில் 5 மில்லி ரத்தம், சாய்த்து நிழலில் ஒன்றிரண்டு மணி நேரம். பிரிந்த மஞ்சள் நீரை மட்டும் வேறு குழாய்க்கு மாற்றி அனுப்புங்கள். முழு ரத்தத்தைக் குளிரில் பனிக்கட்டியாக உறையவிட்டால் சிவப்பணு உடைந்து சீரம் சிவப்பாகிவிடும். ஊசி வழியே அழுத்திப் பீய்ச்சினாலும், குழாயை ஜீப்பில் குலுங்கவிட்டாலும் அதே கதைதான். ஊசியைக் கழற்றிவிட்டு, குழாய்ச் சுவரோரமாக மெல்ல இறக்குங்கள்.

மடிநோய்ப் பால்: ஆன்டிபயாடிக் ஊசி போடும் முன் எடுப்பது. பின்னால் எடுத்த பாலில் ஒன்றும் வளராது, மாட்டுக்கு நோயில்லை என்று அறிக்கை வரும், மடி வீங்கியே இருக்கும். காம்பு நுனியை 70 சதவீத ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் சில பீச்சலைக் கீழே விட்டு, சாய்த்துப் பிடித்த குழாயில் 5 முதல் 10 மில்லி.

சாணம், புழுக்கை: மலக்குடலிலிருந்து நேராக, 10 கிராம். தரையில் கிடப்பதை எடுத்தால் மண்ணில் வாழும் நுண்ணிய உருளைப்புழுக்களும் வந்துவிடும். டப்பா நிறைய வைத்து மூடி, குளிரவைத்து அனுப்புங்கள். வெதுவெதுப்பில் இருந்தால் முட்டைகள் பொரிந்து எண்ணிக்கை பொய்யாகும்.

ஆட்டுக்குத் துள்ளுமாரி சந்தேகம் என்றால் சிறுகுடலின் ஒரு முழ நீளத்தை இருபுறமும் நூலால் கட்டி, மற்ற உறுப்புகளோடு சேராமல் தனிப் பையில், உடனே ஐஸில். கோமாரிக்கு உடையாத கொப்புளத்தின் தோல், குறைந்தது ஒரு கிராம், பாதிக்குப் பாதி கிளிசரின் கலந்த பாஸ்பேட் கரைசலில். அந்தக் கரைசலின் கார அமில நிலை 7.2 முதல் 7.6க்குள் இருக்க வேண்டும். அமிலம் பட்டால் அந்த வைரஸ் பிழைக்காது. உலர்பனியில் (டிரை ஐஸ்) அனுப்பும்போது கசியும் கார்பன் டை ஆக்சைடே குழாய்க்குள் போய் அமிலமாக்கும் என்பதால் மூடி இறுகியிருக்க வேண்டும்.

வெறிநோய்க்கு மூளை ஐஸில் வர வேண்டும், ஃபார்மலினில் அல்ல. தடுப்பூசி போடாதவர் அந்த மண்டையைத் தொட வேண்டாம். கடிபட்டவர் அறிக்கைக்காக ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. ஊசி உடனே, முடிவு பிறகு.

விஷச் சந்தேகத்தில் வயிற்றுத் தீனி, ஈரல், சிறுநீரகம் ஒவ்வொன்றும் தனித்தனி டப்பாவில். சோளப் பயிர் தின்று செத்ததாகத் தோன்றினால் வயிற்றுத் தீனியைக் காற்றிடம் இல்லாமல் நிரப்பி உடனே உறையவையுங்கள், சயனைடு ஆவியாகிப் போய்விடும். வழக்கு வரும் என்றால் போலீஸ் கடிதமும் சீலும் இல்லாமல் எதையும் அனுப்பாதீர்கள்.

பெட்டி

மூன்று அடுக்கு. மாதிரி இருக்கும் குழாய் முதல் அடுக்கு: மூடியை இறுக்கி மேலே டேப் சுற்றுங்கள், விளிம்பு வரை நிரப்பாதீர்கள். அதைச் சுற்றி, உள்ளே இருக்கும் திரவம் முழுவதும் கொட்டினாலும் உறிஞ்சும் அளவு பஞ்சு. குழாய்கள் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியே சுற்றுங்கள். இரண்டாம் அடுக்கு கசியாத டப்பா, அல்லது இரட்டை ஜிப் பை. மூன்றாவது, அடி தாங்கும் வெளிப்பெட்டி. வெறும் தெர்மாகோல் பெட்டியை மட்டும் அனுப்பினால் மூலை உடைந்து வரும், அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள். விமானத்தில் போவதென்றால் நான்கு பக்கமும் 5 சென்டிமீட்டருக்குக் குறையாத சாய்சதுரக் குறியும், அதில் யு.என். 3373 என்ற எண்ணும், அருகில் "உயிரியல் பொருள், பிரிவு பி" என்பதன் ஆங்கில வாசகமும் கட்டாயம். உலர்பனி வைத்த பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடினால் வாயு அடைத்து வெடிக்கும்.

கடையில் வாங்கிய ஐஸ்கட்டியைக் கொட்டி அனுப்புவதுதான் அதிகம் நடக்கும் தவறு. வழியில் உருகி, பெயர்ச்சீட்டு ஊறி, எழுத்து கரைந்து, எந்த மாடு எந்தக் குழாய் என்று தெரியாமல் போகும். ஜெல் ஐஸ் பேக்குகளை வையுங்கள். கீழே, மேலே, நான்கு பக்கமும். அவற்றுக்கும் குழாய்க்கும் நடுவே செய்தித்தாள் மடிப்பு இருக்கட்டும், நேராகத் தொட்டால் ரத்தம் பனிக்கட்டியாகிவிடும். மிச்ச இடத்தைக் கசக்கிய தாளால் நிரப்புங்கள், காலி இடம்தான் சூட்டை உள்ளே கொண்டுவருகிறது. சித்திரை வெயிலில் உங்கள் பெட்டி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை ஒரு முறை தண்ணீர்க் குழாயும் வெப்பமானியும் வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

செத்த கோழியை முழுதாக அனுப்புவதென்றால் சோப்புத் தண்ணீரில் நனைத்து ஆறவிட்டுப் பையில் போடுங்கள். இறகு உடல் சூட்டைப் போர்வைபோலப் பிடித்து வைப்பதால் உள்ளே சீக்கிரம் அழுகும்.

சீட்டும் கடிதமும்

எண்ணை மூடியில் எழுதாதீர்கள், மூடிகள் மாறும். குழாய் உடம்பில் எழுதுங்கள். ஃபார்மலின் பாட்டிலுக்குள் பென்சிலால் எழுதிய சிறு தாள் ஒன்று போடுங்கள், பேனா மை கரையும், பென்சில் நிற்கும். கடிதம் தனி பிளாஸ்டிக் உறையில், இரண்டாம் அடுக்குக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவே. அதில் காதுவில்லையின் 12 இலக்க எண், இனம், வயது, எத்தனை மாட்டில் எத்தனை நோயுற்றன, எத்தனை செத்தன, என்றைக்கு ஆரம்பித்தது, என்ன ஊசி போட்டீர்கள், தடுப்பூசி எப்போது, அறுத்ததில் என்ன கண்டீர்கள், எதைச் சந்தேகிக்கிறீர்கள் எல்லாம் இருக்க வேண்டும். "காய்ச்சல், தீனி எடுக்கவில்லை" என்று மட்டும் எழுதினால் ஆய்வகம் எதைத் தேடும்?

திங்கள், செவ்வாயில் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை மாலை பார்சலில் போட்டது சனி, ஞாயிறு குடோனில் வேகும். முடிந்தால் ஆள் கையிலேயே கொடுத்தனுப்புங்கள், பஸ்ஸின் லக்கேஜ் அறையில் வேண்டாம். கிளம்பியதும் ஆய்வகத்துக்குப் போன் போட்டு, யார் கொண்டுவருகிறார், எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று சொல்லிவிட்டு, எடுத்த மாதிரிகளின் நகல் பட்டியலை மருந்தகப் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.