இரக்கமா, இறக்கமா?

திருகோணமலையில் ஒரு சுவரொட்டியில் 'ஈவிறக்கமற்ற செயல்' என்று கண்டேன், மனம் வலித்தது. கோணேசர் கோயிலிலிருந்து கோட்டை வாசலை நோக்கி வரும் பாதைதான் இறக்கம். அந்த வழியில் திரியும் மான்களைக் கண்டு நெஞ்சு கசிந்தால் அது இரக்கம். மரண அறிவித்தலில் வரும் 'இரங்கல்' என்பதற்கும் இதே ரகரம்தான்.

ஈவு என்றால் கொடுத்தல். கொடுக்கும் மனமும் இல்லை, பரிவும் இல்லை என்பதே ஈவிரக்கமற்ற தன்மை. பெயருக்கு முன் 'ஈவிரக்கமற்ற' என்றும், வினைக்கு முன் 'ஈவிரக்கமின்றி' என்றும் எழுதுங்கள்: "குட்டி மானை ஈவிரக்கமின்றிக் கல்லால் அடித்தான்."

மிகக் கடுமையான சொல் இது. கண்டிப்பான ஆசிரியரை இப்படிச் சொல்வது அவருக்குச் செய்யும் அநீதி. 'கண்டிப்பானவர்' என்றே எழுதுங்கள்.