தாஜ்மகாலை அடுத்த முறை பார்க்கலாம், இந்த முறை கும்பகோணம்

தென்னாப்பிரிக்காவில் நம் டர்பனிலிருந்து இந்தியா போகிறவர்கள் தாஜ்மகால், ஜெய்ப்பூர், கடைசி இரண்டு நாள் சென்னையில் புடவைக்கடை என்று திட்டம் போட்டுக்கொண்டுதான் என்னிடம் யோசனை கேட்க வருவார்கள். அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, கும்பகோணத்தில் நாலு நாளுக்கு அறை எடுக்கச் சொல்வேன். தஞ்சை, தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் என்று சோழர்களின் மூன்று பெரிய கோயில்களுக்கும் அங்கிருந்து காரில் போய்விட்டு அன்றே திரும்பலாம்.

நமக்கு லீவு டிசம்பரில். மாதத் தொடக்கத்தில் அங்கே மழை இருக்கும், கடைசி வாரம் பரவாயில்லை. நண்பகலில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். செருப்பில்லாமல் அந்தக் கல்தரையில் மதியம் நடக்கவும் முடியாது. அதனால் விடியலில் கிளம்புங்கள், இல்லையென்றால் சாயங்காலம்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சாயங்காலம்தான் சரி. 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்தது. கருவறைக்கு மேல் எழும் விமானத்தை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்த கையோடு திரும்பிவிடாதீர்கள், குனிந்து அடிப்பகுதியையும் பாருங்கள். சுற்றிலும் எழுத்து. தான் கொடுத்ததோடு அக்காள் குந்தவை கொடுத்ததையும் சேர்த்து வெட்டச் சொன்ன ராஜா அவன். கோயிலுக்கென்று குடியமர்த்திய 400 ஆடல்மகளிரின் பெயர், பழைய ஊர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதுவரை கல்லில் இருக்கிறது. 1860 முதல் நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக இங்கே கொண்டுவந்த கப்பல்களின் பதிவேடு மாதிரி. எழுத்து பழசு, ஆனால் தமிழ் படிக்கிறவர்களுக்கு அங்கங்கே ஒன்றிரண்டு பிடிபடும். இல்லையென்றால் விவரம் தெரிந்த வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், கட்டணத்தை முன்னாலேயே பேசிவிடுங்கள்.

பிள்ளைகளோடு போனால் தாராசுரம்தான் முதலில். கும்பகோணத்தை ஒட்டியே இருக்கிறது. முன்மண்டபத்தைக் குதிரை இழுக்கும் தேராகவே செதுக்கியிருக்கிறார்கள். ஒரே தலையை யானையும் காளையும் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பம் ஒன்று உண்டு: ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. பிள்ளைகளே தேடட்டும். நாயன்மார் கதைகள் சுவரின் கீழ்ப்பகுதியில் சிறுசிறு சிற்பங்களாக இருக்கின்றன, உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் கூட்டம் குறைவு. வடக்கு வாசல் படியருகே தன் பக்தரான சண்டேசரின் தலையில் சிவன் மாலை சுற்றும் சிற்பம், அதற்காகவே போகலாம்.

கோயில் போதும் என்று தோன்றும் நாளில் சிதம்பரம் பக்கம் பிச்சாவரம் போங்கள். டர்பனில் உம்கேனி ஆற்று முகத்துவாரத்து அலையாத்தி மரங்களைப் பார்த்திருப்பீர்கள், இது அதைவிட எவ்வளவோ பெரிய காடு. துடுப்புப் படகே கேளுங்கள். குறுகலான கால்வாய்களுக்குள் அதுதான் நுழையும்.

சென்னை திரும்பும் வழியில் மாமல்லபுரம். அர்ஜுனன் தபசுப் பாறையில் யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை கையைத் தூக்கித் தவம் செய்கிறது, காலடியில் எலிகள். கடற்கரைக் கோயிலில் வெளிநாட்டவருக்கு 600 ரூபாய், இந்தியருக்கு 40. ஓசிஐ அட்டைக்காரர்களுக்கும் (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இந்தியர் கட்டணம்தான், அட்டையை ஹோட்டலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.