நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க: ஸ்கூட்டர் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பழைய ஸ்கூட்டர் பார்க்கக் கிளம்புமுன் விற்பவருக்குப் போன் போட்டு ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: "நான் வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க." போய்ச் சேர்ந்ததும் சைலன்ஸர் பக்கம் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சூடு அடிக்கிறதா என்று பார்த்தால் போதும். சூடு அடித்தால் நீங்கள் வருமுன் யாரோ ஓட்டியிருக்கிறார்கள். காரணம் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

பட்டறையில் வேலை பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன். சூடான இன்ஜினில் பாதிக் குறை தெரியாது. கம்ப்ரஷன் குறைந்த இன்ஜின், உயிர் போய்க்கொண்டிருக்கும் பேட்டரி, அடைத்துக்கொண்ட கார்புரேட்டர் எல்லாம் முதல் ஸ்டார்ட்டில்தான் மாட்டும். செல்ஃபை அமுக்கியதும் இரண்டு மூன்று சுற்றில் பிடிக்க வேண்டும். கிக்கர் இருந்தால் மிதித்துப் பாருங்கள். மிதியில் நல்ல எதிர்ப்பு இருக்க வேண்டும். பிடிப்பே இல்லாமல் கால் கீழே போனால் பிஸ்டன் ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கலாம். புது மாடல்கள் பலவற்றில் கிக்கரே கிடையாது. கியரில்லாத ஸ்கூட்டரைத் தள்ளியும் ஸ்டார்ட் பண்ண முடியாது, ஏனென்றால் இன்ஜின் வேகமெடுத்தால்தான் கிளட்ச் பிடிக்கும். அதனால் கிக்கர் உள்ள வண்டி கிடைத்தால் எனக்குத் தனிச் சந்தோஷம்.

ஸ்டார்ட் ஆனதும் பின்னால் போய் நின்று புகையைப் பாருங்கள். குளிர்ந்த காலையில் கொஞ்சம் வெள்ளையாக ஆவி வந்து மறைந்தால் பயமில்லை. நீலப் புகைதான் செலவு வைக்கும், உள்ளே ஆயில் எரிகிறது என்று அர்த்தம். ஸ்டார்ட் ஆன நிமிடம் மட்டும் வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல். ஆக்சிலரேட்டரை முறுக்கும்போதெல்லாம் நீலமாகக் கக்கினால் ரிங் அல்லது சிலிண்டர் வேலை, அந்த வண்டியை விட்டுவிடலாம். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஏர் ஃபில்டர் அடைப்பு போன்ற சின்ன வேலையாகக்கூட இருக்கும். பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அதில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்தே எரியும்.

அடுத்தது ஓட்டிப் பார்ப்பது. இங்கே ஸ்கூட்டர் வேறு, பைக் வேறு. ஸ்கூட்டரில் கியர் பெட்டியின் வேலையை ஒரு ரப்பர் பெல்ட்டும், விரிந்து சுருங்கும் இரண்டு புல்லிகளும் செய்கின்றன. நின்ற இடத்திலிருந்து மெதுவாக எடுங்கள். கிளம்பும்போது வண்டி உதறினால் கிளட்ச் ஷூவும் அதைச் சுற்றியுள்ள 'பெல்' என்ற இரும்புக் கிண்ணமும் வழுவழுத்துப் போயிருக்கும். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் பெல்ட் தேய்ந்திருக்கிறது, இல்லை புல்லிக்குள் இருக்கும் ரோலர் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. இவை மாற்றக்கூடிய சாமான்கள்தான், விலையில் பேசிக் குறைக்கலாம். பொதுவாக 20,000 கிலோமீட்டரை ஒட்டிப் பெல்ட்டைக் கவனித்திருக்க வேண்டும். "கடைசியா எப்ப பெல்ட் மாத்தினீங்க?" என்று கேளுங்கள். பராமரித்தவர் உடனே பதில் சொல்வார். "பெல்ட்டா, அது எங்க இருக்கு?" என்று கேட்பவர் ஆயிலும் நேரத்துக்கு மாற்றியிருப்பார் என்று எனக்கு நம்பிக்கை வராது.

அதிகம் பேர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. 1946-ல் இத்தாலியின் பியாஜியோ கம்பெனிக்காக வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்த விமானப் பொறியாளர் கொர்ராதினோ தஸ்கானியோ, செயின் வேண்டாம் என்று இன்ஜினைப் பின்சக்கரத்தோடு சேர்த்தே வைத்தார். இன்றைக்கும் பெரும்பாலான பெட்ரோல் ஸ்கூட்டர்களில் இன்ஜினும் பின்சக்கரமும் ஒன்றாகத்தான் மேலும் கீழும் ஆடும். அந்த மொத்த எடையையும் வண்டியின் ஃபிரேமோடு பிடித்துவைப்பது முன்பக்கமுள்ள சில ரப்பர் புஷ்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்சக்கரத்தை இரு கையாலும் பிடித்து இடம் வலமாக அசையுங்கள். இன்னொருவரை இன்ஜினைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜினும் சேர்ந்து 'டொக் டொக்' என்று ஆடினால் புஷ் போயிருக்கிறது. இன்ஜின் அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங் பக்கம் பார்க்க வேண்டும். வளைவில் வண்டி பாம்பு மாதிரி நெளிகிறது என்று வருகிறவர்களில் பலருக்கு நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

அப்படியே பின்பக்கத்தை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கவிட்டு, ஹேண்டில்பாரை ஒரு விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுந்ததுபோல் சிக்கி நின்றால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங், குழி விழுந்துவிட்டது. ஹேண்டில் நேராக இருக்கும்போது சக்கரம் கோணலாக நின்றால் வண்டி எங்கோ மோதியிருக்கிறது. புது பெயின்ட்டை நம்பாதீர்கள். சீட்டுக்கு அடியிலும் ஃபுட்போர்டுக்கு அடியிலும் டார்ச் அடித்து வெல்டிங் தடம் தேடுங்கள். ஒயர் கனெக்டர்களில் பச்சை பூத்திருந்து, ஹெட்லைட் கண்ணாடிக்குள் சேறு படிந்த கோடும் தெரிந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். எனக்கு இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம், ஒயரிங் தொல்லை ஓயவே ஓயாது.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரைக் கையும் காலும் படும் இடங்களோடு ஒப்பிடுங்கள். 8,000 கிலோமீட்டர் என்று காட்டுகிறது, ஆனால் கைப்பிடி ரப்பர் வழுவழு, பிரேக் லீவர் நுனி தேய்ந்திருக்கிறது, சாவித் துவாரம் தொளதொள என்றால் மீட்டர் பொய் சொல்கிறது. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. டயரில் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் மேடு) நிறைய இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப்போய் மழையில் வழுக்கும். சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் பதிவுச் சான்றில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும், எண்ணைச் சுற்றி ராவிய தடம் இருந்தாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

புது வண்டி வாங்குபவர்களுக்கு இவ்வளவு வேலையில்லை. நேற்று அறிமுகமான மாடலை விட, சில வருடங்களாக ரோட்டில் ஓடும் இன்ஜினே நல்லது; அதன் சீக்கு என்ன, மருந்து என்ன என்று மெக்கானிக்குகளுக்குத் தெரிந்திருக்கும். ஷோரூமில் கேட்பதற்கு முன், எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் போங்கள். "இது நல்ல வண்டியா?" என்று கேட்காதீர்கள். "இந்த மாடல் உங்ககிட்ட எதுக்காக வருது?" என்று கேளுங்கள். "ஆயில் மாத்த வரும், பிரேக் ஷூ போட வரும்" என்றால் வாங்கலாம். "சென்சார் வர ஒரு மாசம் ஆகுது" என்றால் யோசியுங்கள். குண்டும் குழியுமான ரோட்டில் ஓட்டுபவருக்கு 10 அங்குலச் சக்கரத்தை விட 12 அங்குலம் உசிதம். உட்கார்ந்து பாருங்கள், இரண்டு பாதமும் தரையில் ஊன்ற வேண்டும். கலர் உங்கள் இஷ்டம்.

மின்சார ஸ்கூட்டரில் புகைத் தொல்லை இல்லை, பெல்ட் தொல்லையும் குறைவு. ஆனால் வண்டியின் மதிப்பில் பெரும்பங்கு பேட்டரிதான். விளம்பரத்தில் உள்ள தூரம் சோதனைக்கூடக் கணக்கு. ஆள் எடை, மேடு, வேகம் எல்லாம் அதைக் குறைக்கும். பழையது வாங்குவதானால் முழு சார்ஜ் போடச் சொல்லி, தெரிந்த ஒரு தூரம் ஓட்டி, எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று பாருங்கள். பேட்டரி வாரண்டி அடுத்தவர் பெயருக்கு மாறுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய பெட்ரோல் வண்டி வாங்கியாயிற்று என்றால் முந்தையவர் என்ன சொல்லியிருந்தாலும் அதே வாரத்தில் இன்ஜின் ஆயில், பின்சக்கர கியர் ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் நான்கையும் மாற்றிவிடுங்கள். அந்த கியர் ஆயில் 100 மில்லியை ஒட்டித்தான் இருக்கும், அதனாலேயே எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பெல்ட் கவரைத் திறக்கும்போது பக்கத்திலேயே நின்று, பெல்ட்டின் உட்புறப் பற்கள் வெளியே விரியும்படி வளைத்துக் காட்டச் சொல்லுங்கள். பல்லிடுக்கில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அன்றைக்கே புதியது போட்டு, தேதியையும் கிலோமீட்டரையும் கவரின் உள்பக்கத்தில் மார்க்கரால் எழுதிவையுங்கள்.