காயில் மேல் பழி போடும் முன்: மோட்டார் ஓம் பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். அதுவரை குறுவை நாற்றங்கால் போர் மோட்டாரை நம்பித்தான் நிற்கிறது. அந்த நாட்களில் என்னிடம் தொழில் பழகும் பையன்கள், மோட்டாருக்குள் சுற்றிய செம்புக் கம்பி, அதாவது காயில், நன்றாக இருக்கிறதா என்று பார்க்க மல்டிமீட்டரும் கையுமாக ஓடுகிறார்கள். நான் அன்று செய்த தவறுகளையே செய்கிறார்கள். மீட்டரை ஓமுக்கு (மின்தடை அளவுக்கு)த் திருப்ப மறப்பது போன்றவை ஒரு வாரத்தில் தானே சரியாகிவிடும், அதை விடுங்கள்.

கரண்ட் இல்லை என்று நம்புவது

மெயினை இறக்கினால் மட்டும் போதாது. ஃபியூஸ் கேரியர் மூன்றையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோ சுவிட்ச் போட்ட ஸ்டார்ட்டர், கரண்ட் வந்ததும் தானே இழுத்துக்கொள்ளும். கண்டென்சர் இருந்தால் அதிலுள்ள சார்ஜை இறக்கிவிட்டு, வோல்ட்டில் ஒருமுறை பார்த்த பிறகே ஓமுக்குப் போக வேண்டும்.

பெட்டியில் அளந்து காயிலைக் குற்றம் சொல்வது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறாது. மன்னார்குடி பக்கம் ஒரு 5 எச்.பி. சப்மெர்சிபிள் (போருக்குள் இறக்கும் மோட்டார்), அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று கூப்பிட்டார்கள். ஸ்டார்ட்டர் பெட்டியிலேயே, மோட்டாருக்குப் போகும் மூன்று வயரையும் இரண்டிரண்டாக அளந்தேன். ஒரு ஜோடி 4.2 ஓம், மற்ற இரண்டும் 6.8, 6.9. "காயில் போச்சுங்க" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் செயின் பிளாக் கட்டி, நான்கு ஆள் வைத்து, பொழுது சாயும் வரை குழாயைக் கழற்றினோம். மோட்டாரை வரப்பில் கிடத்தி அதன் வயரிலேயே அளந்தால் மூன்றும் 3.3. காயில் பொன்னாக இருக்கிறது. போர் வாய்க்குப் பக்கத்தில் இருந்த ஜாயிண்டின் டேப்பைப் பிரித்தேன். உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. ஆள் கூலி வயல்காரர் தலையில். நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. "பரவாயில்ல தம்பி" என்றார் அவர்.

அந்த எண்களே சொல்லியிருந்தன. சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் காயில் எரிந்தால் ஓம் குறையும். அறுந்தால் மீட்டர் எதுவும் காட்டாது. இரண்டு அளவு ஒரேபோல் கூடியிருந்தால், அந்த இரண்டிலும் பொதுவாக வரும் வயரைப் பிடியுங்கள். போர் வாய் ஜாயிண்டைப் பிரித்து, மோட்டார் பக்கம் ஒருமுறை அளந்து பாருங்கள். கேபிளுக்கும் ஓம் உண்டு: 60 மீட்டர் ஆழத்துக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு என்றால் போக வர சுமார் 0.9.

மீட்டர் வயரைக் கழிக்காதது

மீட்டர் வயரின் இரு முனையையும் ஒட்டிப் பிடித்தால் 0.3 போலக் காட்டும். அதைக் கழியுங்கள்.

எர்த் கசிவை மல்டிமீட்டரில் பார்ப்பது

உள்ளே இருப்பது சின்ன பேட்டரி. 415 வோல்ட்டில் கசியும் இன்சுலேஷன் அதற்குத் தெரியாது. கேபிளை ஸ்டார்ட்டரிலிருந்து கழற்றி, 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) போடுங்கள்.