மதுரையிலிருந்து ஜப்பானிய மொழிப் பட்டப்படிப்புக்கு

பிளஸ் டூ முடித்துவிட்டு ஜப்பானிய மொழி படிக்கப் போகிறேன் என்றால், வீட்டில் முதல் கேள்வி "இங்க எந்த காலேஜ்ல இருக்கு?" என்பதுதான். வெளியூர் போகத் தயாராக இருங்கள். டெல்லி ஜேஎன்யுவில் (ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) பி.ஏ. ஹானர்ஸாகவே படிக்கலாம், அதற்கு க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

அதுவரை சும்மா இருக்காதீர்கள். ஜப்பானிய மொழியின் அடிப்படை ஒலியெழுத்துகளான ஹிரகானா 46, கதகானா 46, இரண்டையும் கையால் எழுதிப் பழகுங்கள். ஆங்கிலம் வழியாக மட்டும் இலக்கணம் படித்தால் வீணாகக் குழம்புவீர்கள், ஏனென்றால் "வதாஷி வா மதுரை நி இகிமாஸ்" என்பது வரிசை மாறாமல் "நான் மதுரைக்குப் போகிறேன்" தான். 'நி' நம்ம 'க்கு', வினை கடைசியில். இந்த வசதி நமக்குச் சும்மா கிடைத்தது.

காஞ்சி (kanji) எனப்படும், சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்தான் ஆளை அசத்தும். அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த பட்டியலிலேயே 2,136 எழுத்துகள். தினம் ஐந்து போதும், ஆனால் சித்திரைத் திருவிழா அன்றும் விடக்கூடாது.

மரியாதை விஷயத்தில் மட்டும் கவனம். நாம் 'நீங்க', 'வாங்க' என்று எதிராளியை உயர்த்துவோம், அங்கே தன்னைத் தாழ்த்திச் சொல்லத் தனி வினைச்சொற்களே உண்டு. இதைப் பண்பாட்டுப் பாடமாகவே படியுங்கள்.

அப்புறம், ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜேஎல்பிடி (JLPT) தேர்வில் என்5 (N5) தான் முதல் படி, சென்னையில் எழுதலாம். பட்டப்படிப்பின் நடுவில் ஜப்பான் போக, ஜப்பான் அரசு தரும் மெக்ஸ்ட் (MEXT) உதவித்தொகையில் ஜப்பானியப் படிப்பு மாணவர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, இரண்டாம் ஆண்டிலேயே பேராசிரியரிடம் கேட்டு வையுங்கள்.